ரூம் இருக்கா பாஸ்?

ஜன்னலோர சீட் - வாராவாரம் ஒரு ஊர்சுற்றல்



போன வாரம் தாம்பரத்துல பஸ்ஸுக்கு நிக்கும்போது நாலு பசங்களைப் பார்த்தேன். தோள்ல பை, கையில பக்கெட், பக்கெட்டுக்குள்ள செருப்பு. பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு, இன்ப்ளான்ட் ட்ரெய்னிங் கேஸ். ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்னு போன் பேசிட்டிருந்தாங்க. நாலு வாயிலயும் ஒரே டயலாக்தான்.

"அண்ணா, ரூம் இருக்காண்ணா? பதினஞ்சு நாளைக்குத்தாண்ணா..."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்துச்சுன்னு அவங்க மூஞ்சியைப் பார்த்தாலே புரிஞ்சுது. சிரிப்பு வரலை பாஸ். எனக்கு ஜெனோவா ஞாபகம் வந்துடுச்சு.

ஜெனோவா எங்கே இருக்குன்னு கூகுள் பண்ண வேண்டாம், நானே சொல்றேன். இத்தாலியில, மத்தியதரைக் கடல் ஓரத்துல ஒரு துறைமுகம். பின்னாடி மலை, முன்னாடி கடல், நடுவுல இருக்கற கொஞ்சூண்டு இடத்துல வீட்டு மேல வீடா அடுக்கி வெச்ச ஊர். கொலம்பஸ் பிறந்த ஊரும் அதுதான். அந்த ஊர்ல ஒரு சாதா லாட்ஜ்ல மூணு ராத்திரி தங்கின கதைதான் இந்த வாரம். கதை அங்கே ஆரம்பிச்சு எங்க வீட்டு வாசல்ல வந்து முடியும். அதனால பாதியில இறங்கிடாதீங்க!

கொலம்பஸ் கீழே ஒரு இந்தியன்

நான் மணிமங்கலத்துக்காரன். தாம்பரத்துலேருந்து முடிச்சூர் வழியா ஸ்ரீபெரும்புதூர் போற ரோட்டுல, பெரிய ஏரி ஒண்ணு வருமே, அந்த ஊர்தான். ஒரகடத்துல ஒரு பார்ட்ஸ் கம்பெனியில இன்ஜினீயர் வேலை. 2023 அக்டோபர்ல கம்பெனி இத்தாலியிலேருந்து ஒரு மெஷின் வாங்கினாங்க. கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாடி அதை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் போகணும். சீனியர் ரெண்டு பேருக்கு பாஸ்போர்ட் காலாவதி. அடிச்சது லக்கி பிரைஸ், பையன் மிலன் போயாச்சு!

வெள்ளிக்கிழமையோட வேலை முடிஞ்சுது. திங்கள் ராத்திரிதான் ஃப்ளைட். கம்பெனி குடுத்த படிக்காசுல மிச்சம் பிடிச்சது பர்ஸுல இருக்கு. ரெண்டு மணி நேரத்துல கடல் இருக்கும்போது, மணிமங்கலம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவன் சும்மா இருப்பானா? ரயில் ஏறிட்டேன்.

ரூம் புக் பண்ணலையான்னு கேக்கறீங்க. பண்ணலை. நம்ம லாஜிக் அப்படி! மதுரையோ திருச்சியோ, ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா லாட்ஜ் நிக்காதா என்ன? லாட்ஜ் நின்னுச்சு. ஆனா ரயில் நேரத்துக்குப் போகலை. அன்னைக்குப் பார்த்து ரயில்வே ஸ்ட்ரைக். ஒவ்வொரு ஸ்டேஷனா நின்னு நின்னு, ராத்திரி எட்டு மணிக்குச் சேர வேண்டியவன் பதினொண்ணே முக்காலுக்குப் போய் இறங்கினேன். வெளியே சரியான மழை. மொபைல்ல நாலு பர்சென்ட் சார்ஜ்.

ஸ்டேஷன் வாசல்ல கொலம்பஸ் சிலை இருக்கு. இந்தியாவைத் தேடிக் கிளம்பி, வேற எங்கேயோ போய் இறங்கி, கடைசி வரைக்கும் அதுதான் இந்தியான்னு சாதிச்ச மனுஷன். ஐநூறு வருஷம் கழிச்சு அசல் இந்தியன் ஒருத்தன் அவர் காலடியில நனைஞ்சுக்கிட்டு ரூம் தேடறான். மேலே நின்னவர் கண்டுக்கவே இல்லை.

"ஃபுல்"

முதல் ஹோட்டல். கண்ணாடிக் கதவு, உள்ளே மஞ்சள் வெளிச்சம். கவுன்ட்டர்ல இருந்தவர் என்னைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நனைஞ்ச பையைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள "கம்ப்ளீத்தோ" அப்படின்னார். அதாவது ஃபுல்.

சரி, ஃபுல்லுன்னா ஃபுல்தானேன்னு வாசல்ல ஒதுங்கி நின்னு மழை விடுதான்னு பார்த்தேன். ரெண்டே நிமிஷத்துல ஒரு ஜோடி, சக்கரம் வெச்ச பெட்டியை இழுத்துக்கிட்டு வந்தாங்க. வெள்ளைக்காரங்க. உள்ளே போனாங்க, பேசினாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கலை. ஆனா அவர் திரும்பி ஆணியிலேருந்து ஒரு சாவியை எடுத்து அவங்க கையில குடுத்தது நல்லாவே தெரிஞ்சுது.

அவங்க முன்னாடியே புக் பண்ணியிருக்கலாம். இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த நேரத்துல வயித்துக்குள்ள ஒண்ணு சுருக்குன்னு ஆச்சு பாருங்க... அது மழையில நனைஞ்சதால வந்த குளிர் இல்லை.

ரெண்டாவது இடத்துல கதவே திறக்கலை. மூணாவது, ஒரு பழைய கட்டடத்தோட நாலாவது மாடி. கீழே அழுக்கு போர்டு, ஒத்தை ஸ்டார். ஆள் ஒருத்தர் மட்டும் நிக்கற சைஸுக்கு ஒரு லிஃப்ட். மேலே போனா ஒரு மேஜை, அதுக்குப் பின்னாடி நாற்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒரு அக்கா. ஸ்வெட்டர் பின்னிட்டிருந்தாங்க.

"ரூம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. ஜன்னல் சரியா மூடாது. பாத்ரூம் வராண்டாவுல. பரவாயில்லையா? நாற்பத்தஞ்சு யூரோ."

அன்னைக்கு ரேட்டுக்குக் கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய். நம்ம ஊருக்கு அது பெரிய காசு. அந்த ஊருக்கு அடிமட்ட ரேட். பாஸ்போர்ட்டை வாங்கி எழுதிக்கிட்டாங்க. சாவியைக் குடுத்தாங்க. பித்தளைக் குண்டு கோத்த சாவி, எடைக்கல்லு கணக்கா கனம். பாக்கெட்ல போட்டுட்டு எவனும் ஊருக்குக் கிளம்பிடக் கூடாதுங்கறதுக்காக அந்த ஏற்பாடு. அப்புறம் அந்த அக்கா விரலைக் குவிச்சு வாய்கிட்டே கொண்டு போய், புருவத்தைத் தூக்கினாங்க.

சாப்பிட்டியான்னு கேக்கறாங்க!

இல்லைன்னு தலையை ஆட்டினேன். மேஜைக்கு அடியிலேருந்து ஒரு பொட்டலம் வந்துச்சு. ஃபொக்காச்சா. ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்டுச் சுடற தட்டை ரொட்டி, ஜெனோவாவோட ஸ்பெஷல். அவங்க ராத்திரி சாப்பாட்டுல பாதி.

ரூம் எப்படி இருந்துச்சு?

ஒத்தைக் கட்டில். ஒரு நாற்காலி. சொன்ன சொல் தவறாம மூடாத ஜன்னல். மூலையில வாஷ் பேசின், அதுக்குப் பக்கத்துலயே தரையோட தரையா இன்னொரு பேசின். கால் கழுவறதுக்குன்னு நினைச்சு கால் கழுவிட்டேன். காலையிலதான் தெரிஞ்சுது, அது பிடே. நாம சொம்பை வெச்சுப் பண்ற வேலையை அவங்க அதுல பண்றாங்க. வீடுகள்ல அது இருந்தே ஆகணும்னு 1975லயே அரசாங்க உத்தரவு போட்ட நாடு பாஸ் இத்தாலி! வெளிநாடு போனா 'அந்தப்' பிரச்சினைக்கு என்ன பண்றதுன்னு கவலைப்படற நம்மாளுங்க தைரியமா இத்தாலிக்கு டிக்கெட் போடலாம்.

காலையில ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டுச் சுவர் கைக்கு எட்டற தூரத்துல. ரெண்டு பேர் எதிரெதிரே வந்தா ஒருத்தர் ஒதுங்கணும், சந்து அவ்வளவு அகலம். மேலே கொடி கட்டித் துணி காயுது. நம்ம மண்ணடி சந்தை எடுத்து செங்குத்தா நிறுத்தி வெச்ச மாதிரி. கீழே அடுப்படியில ஒரு கிழவர் சைக்கிள் டயர் சைஸுக்குத் தாமிரத் தட்டு ஒண்ணை அடுப்புக்குள்ள தள்ளிட்டிருந்தார். ஃபரினாத்தான்னு பேர். கொண்டைக்கடலை மாவு, தண்ணி, எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். ஒரு துண்டு வாங்கி வாயில போட்டா, அட, எங்க பாட்டி சுடற கடலைமாவு அடை! காரம் மட்டும் மிஸ்ஸிங்.

ஏழு மணிக்கு அந்த அக்காவுக்கு ட்யூட்டி முடியற நேரம். காபி குடுத்துட்டு உட்கார்ந்து பேசினாங்க. அவங்களுக்கும் அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அரைகுறை இங்கிலீஷ். அதனால நல்லாப் புரிஞ்சுது. சொந்த நாடு ஈக்வடார். 1999ல அங்கே பேங்க் எல்லாம் மூழ்கிப் போச்சு. அடுத்த வருஷம் சொந்தப் பணத்தையே தூக்கிப் போட்டுட்டு டாலருக்கு மாறினாங்க. அந்தச் சமயத்துல லட்சக்கணக்குல ஜனங்க நாட்டை விட்டுக் கிளம்பினாங்க. அதுல ஏகப்பட்ட பேர், முக்கியமா பெண்கள், ஜெனோவாவுக்கு வந்து வயசானவங்களைப் பார்த்துக்கற வேலையில சேர்ந்தாங்க. இந்த அக்காவும் அப்படித்தான்.

"வந்த முதல் வருஷம் ஒரே ரூம்ல எட்டு பேர். நாலு கட்டில். பகல் வேலைக்காரங்க ராத்திரி படுப்போம், ராத்திரி வேலைக்காரங்க பகல்ல படுப்பாங்க. கட்டில் சூடு ஆறவே ஆறாது" - சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

"எங்க ஊர்லயும் அப்படித்தாங்க" அப்படின்னேன். ஒரகடம் சுத்துவட்டாரத்துல ஷிப்டுக்குத் தகுந்த மாதிரி ஒரே பாயை மாத்தி மாத்தி விரிக்கற ரூம் எத்தனை பார்த்திருக்கேன்!

அவங்க அடுத்ததா கேட்டாங்க. சாதாரணமாத்தான் கேட்டாங்க. "உங்க ஊர்ல வெளியிலேருந்து வர்றவங்களுக்கு உடனே ரூம் குடுப்பாங்களா?"

"ஓ... குடுப்பாங்களே" அப்படின்னேன்.

பொய். அது ஏன் பொய்யுன்னு கடைசியில சொல்றேன்.

பெரியவங்களுக்கு அரண்மனை, நமக்கு சத்திரம்

அன்னைக்கு முழுக்க ஊரைச் சுத்தினேன். 'தங்க இடம் குடுக்கறது'ங்கற ஒரே விஷயத்தை வெச்சு ஜெனோவாவோட மொத்த சரித்திரத்தையும் சொல்லிடலாம் போலிருக்கு.

ஊருக்குள்ள பணக்காரங்க கட்டின மாளிகைகள் வரிசையா இருக்கு. 1576ல அரசாங்கம் ஒரு லிஸ்ட் போட்டாங்க. வெளிநாட்டுலேருந்து ராஜாவோ தூதரோ கார்டினலோ வந்தா இந்த லிஸ்ட்ல இருக்கற மாளிகைக்காரர்தான் தங்க வெச்சு உபசரிக்கணும். வர்ற விருந்தாளியோட அந்தஸ்துக்கு ஏத்த மாதிரி மாளிகைக்கும் கிரேடு உண்டு! அந்த லிஸ்டுக்குப் பேர் ரோல்லி. அதுல 42 மாளிகைகளை 2006ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சிருக்காங்க.

சரி, அந்தஸ்து இல்லாத ஆளு வந்தா? அதுக்கும் இடம் இருந்துச்சு, அதுவும் ரோல்லிக்கு நானூறு வருஷம் முன்னாடியே. துறைமுகத்துக்குப் பக்கத்துல, எங்க லாட்ஜ்லேருந்து நடக்கற தூரத்துல, கொமெண்டான்னு ஒரு கல் கட்டடம். 1180ல கட்ட ஆரம்பிச்சது. ஜெருசலேமுக்குக் கப்பல் ஏற வர்ற யாத்ரீகர்கள் காத்து புடிக்கற வரைக்கும் தங்கறதுக்கு ஒரு சத்திரம், நோயாளிக்கு வைத்தியம். இப்போ அதுக்குள்ள ஒரு மியூசியம் இருக்கு, 2022ல திறந்தது. எதைப் பத்தி தெரியுமா? இத்தாலியை விட்டுப் பிழைக்கப் போனவங்களைப் பத்தி!

1876க்கும் 1915க்கும் நடுவுல கிட்டத்தட்ட 1 கோடியே 40 லட்சம் இத்தாலிக்காரங்க மூட்டை முடிச்சோட வெளிநாட்டுக்குக் கிளம்பியிருக்காங்க. அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா. அதுல பெருங்கூட்டம் இந்த ஜெனோவா துறைமுகத்துலதான் கப்பல் ஏறிச்சு. ஃபுட்பால் வெறியர்களுக்கு ஒரு நியூஸ்: மரடோனா ஆடின போகா ஜூனியர்ஸ், 1905ல ஜெனோவாவிலேருந்து போனவங்களோட பிள்ளைங்க ஆரம்பிச்ச கிளப். அவங்க செல்லப் பேரே இன்னைக்கும் 'ஜெனோவாக்காரங்க'தான்.

கப்பல் வர்ற வரைக்கும் அந்த ஜனங்க எங்கே தங்கினாங்க? இதே சந்துகள்ல, இதே மாதிரி ரூம்கள்ல. ஒரு கட்டில்ல மூணு பேர். ஊர் தெரியாதவன்கிட்டே வாடகைன்னும் தரகுன்னும் கொள்ளை. கடைசியில 1901ல இத்தாலி அரசாங்கம் இதுக்குன்னே ஒரு சட்டம் போட வேண்டி வந்துச்சு. கப்பலுக்கு முந்தின நாள்லேருந்து அவங்க சோத்துக்கும் படுக்கைக்கும் கப்பல் கம்பெனிதான் பொறுப்புன்னு.

பிழைக்கப் போறவனோட தாத்தாவுக்கு இந்த ஊர்லயே படுக்க இடம் கிடைக்கலை. இன்னைக்கு அந்த ஊருக்குப் பிழைக்க வர்றவனுக்கு அங்கேயே சிலர் "ஃபுல்"லுங்கறாங்க. மறதிங்கறது எல்லா ஊர்லயும் இருக்கற வியாதி. நம்ம ஊரையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

எல்லாரையும் வாங்கிக்கற வீடு

பழைய கிரேக்க மொழியில சத்திரத்துக்கு 'பண்டோகெயோன்'னு பேர். அர்த்தம் என்ன தெரியுமா? 'எல்லாரையும் ஏத்துக்கற இடம்'. அந்த வார்த்தைதான் அரபிக்குப் போய் 'ஃபுந்துக்' ஆச்சு. அரபியில இன்னைக்கும் ஹோட்டலுக்கு அதுதான் பேர், துபாய் ரிட்டர்ன் சித்தப்பா யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. அங்கேருந்து இத்தாலிக்குத் திரும்பி வந்து 'ஃபோந்தக்கோ' ஆச்சு. ஜெனோவா வியாபாரிங்களுக்கு எகிப்துல, அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துல சொந்தமா ஒரு ஃபுந்துக்கே இருந்துச்சு. கீழே சரக்கு, மேலே ரூம். ராத்திரி ஆனா வெளிப்பக்கமா கதவைப் பூட்டிடுவாங்க. ஹாஸ்டல் கேட்டை ஒன்பது மணிக்குப் பூட்டறாங்கன்னு புலம்பறவங்களே, உங்க கஷ்டத்துக்கு எண்ணூறு வருஷப் பாரம்பரியம் இருக்கு!

நம்மகிட்டே இல்லாததா? ராமேஸ்வரம் போற வழியெல்லாம் தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் சத்திரம் கட்டி வெச்சாங்க. ஒரத்தநாட்டுல ரெண்டாம் சரபோஜி கட்டின முக்தாம்பாள் சத்திரம் இன்னைக்கும் நிக்குது. அவ்வளவு தூரம் ஏன்? எங்க ஊர்லேருந்து கொஞ்சம் தள்ளிப் போனா சுங்குவார்சத்திரம். பேர்லயே சத்திரம்! வழிப்போக்கனுக்கு இடம் குடுத்ததாலயே பேர் வாங்கின ஊர்.

அந்தச் சுங்குவார்சத்திரம்தான் 2021 டிசம்பர்ல நாடு பூரா நியூஸ் ஆச்சு. அங்கே இருக்கற ஃபாக்ஸ்கான் ஐபோன் ஃபேக்டரியில வேலை பார்த்த பொண்ணுங்க தங்கியிருந்த ஹாஸ்டல்ல சாப்பாடு கெட்டுப் போய், 150 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில. நெரிசலான ரூம், மோசமான சாப்பாடு. நம்ம வயசுப் பொண்ணுங்க, பதினெட்டு, இருபது வயசு. விடிய விடிய சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்தாங்க. ஃபேக்டரி சில வாரம் மூடியே கிடந்துச்சு. தங்கற இடமும் சாப்பாட்டு இடமும் எங்க தரத்துக்கு இல்லைன்னு ஆப்பிள் கம்பெனியே ஒத்துக்கிச்சு. அப்புறம் 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல சிப்காட் கட்டின பெரிய விடுதி திறந்தாங்க. 706 கோடி ரூபாய் செலவு, 18,720 பொண்ணுங்க தங்கலாம்.

ஜெனோவாவுக்கு ஒரு 1901. நமக்கு ஒரு 2021. கஷ்டப்பட்டவங்க ரோட்டுக்கு வந்தப்புறம்தான் 'இவங்க எங்கே படுக்கறாங்க'ங்கற கேள்வி எல்லாருக்கும் வருது.

ஆனா சிப்காட் விடுதி கட்டறது அரசாங்கம், கம்பெனி சமாச்சாரம். மணிமங்கலம், படப்பை, ஒரகடம்னு சுத்துவட்டாரத்துல ஆயிரக்கணக்கான பேர் தங்கறது நம்ம வீட்டு மாடியில, நம்ம கொல்லையில போட்ட ஷீட் ரூம்ல. அங்கே அரசாங்கம் யாரு? எங்க அப்பா!

அந்த போர்டு

இப்போ அந்தப் பொய்க்கு வர்றேன்.

எங்க வீட்டு மாடியில அஞ்சு ரூம். அப்பா ரிட்டயர்மென்ட் காசுல கட்டினது. வாசல்ல ஒரு டூ-லெட் போர்டு தொங்கும். 'குடும்பத்தினருக்கு மட்டும். பேச்சிலர், வட மாநிலத்தவர் அணுக வேண்டாம்.' அழகான கையெழுத்து, அடியில சிவப்புக் கோடு. பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம்.

எழுதினது நான்தான். செகண்ட் இயர் படிக்கும்போது. "உன் கையெழுத்துதான்டா நல்லாயிருக்கும்"னு அப்பா சொன்னார். மார்க்கரை எடுத்தேன், எழுதினேன், ஆணி அடிச்சு மாட்டினேன். ஒரு செகண்டு கூட யோசிக்கலை. அதைப் படிச்சுட்டு எத்தனை பேர் பையோட திரும்பிப் போனாங்களோ, நான் ஒரு நாளும் எண்ணினது இல்லை. ஜெனோவாவுல கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ன அந்த ரெண்டு நிமிஷம்தான் முதல் தடவையா எனக்கு நானே எழுதின போர்டைப் படிச்சுக் காட்டுச்சு.

ஊருக்கு வந்ததும் அப்பாகிட்டே சொன்னேன். அவர் ஒண்ணும் வில்லன் இல்லைங்க. அவர் பக்கத்துலயும் காரணம் இருக்கு. "மூணு மாச வாடகை, கரண்ட் பில் எதுவும் குடுக்காம ராவோட ராவா ஒருத்தன் காலி பண்ணிட்டுப் போனானே, மறந்துட்டியா?"

"அவன் எந்த ஊருப்பா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அந்தப் பையன் நம்ம ஜில்லாக்காரன். தூரத்துச் சொந்தம் சிபாரிசுல வந்தவன்.

"பாஷை தெரியாதுடா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார்கிட்டே போய் நிக்கறது?"

"ஆதார் வாங்குவோம். கம்பெனி ஐ.டி. கார்டு ஜெராக்ஸ் வாங்குவோம். வீட்டு நம்பர் வாங்குவோம். ஜெனோவாவுல என் பாஸ்போர்ட்டை எழுதிக்கிட்டுத்தான் சாவி குடுத்தாங்க. எந்த ஊர் மூஞ்சின்னு பார்க்கலை."

"வடக்கேயிருந்து வந்தா எப்பவுமே வம்புதான்" - இது எங்க பாட்டி, திண்ணையிலேருந்து. பாட்டி சொன்னதுல கொஞ்சம் சரித்திரம் இருக்குங்கறதையும் ஒத்துக்கணும். ஏழாம் நூற்றாண்டுல வாதாபியிலேருந்து ரெண்டாம் புலிகேசி படையோட வந்தப்போ, முதலாம் நரசிம்மவர்மன் அவரை அடிச்சு விரட்டின இடங்கள்ல மணிமங்கலமும் ஒண்ணுன்னு கூரம் செப்பேட்டுல இருக்கு. "பாட்டி, அவர் யானைப் படையோட வந்தார். இவங்க டிபன் பாக்ஸோட வர்றாங்க" அப்படின்னேன். பாட்டிக்கே சிரிப்பு வந்துடுச்சு.

கடைசியில அப்பா சொன்னார்: "ரெண்டு ரூம் நாலு மாசமா காலியாத்தான் கிடக்கு. நீயே பார்த்துக்கோ. வாடகை வரலைன்னா உன் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்."

டீல்!

பழைய போர்டைக் கழட்டினேன். புதுசா எழுதினேன். 'ரூம் வாடகைக்கு.' அதுக்குக் கீழே போன் நம்பர். வேற எதுவும் எழுதலை.

ஒரு வாரத்துல ஒடிசா பசங்க மூணு பேர் வந்தாங்க. ப்ரெஸ் ஷாப்ல வேலை. உடனே எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பீக்கர் போட்டு ஊருக்குப் போன் பேசறாங்கன்னு கீழ் வீட்ல புகார். மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கிட்டாங்க, டேங்க் நிரம்பி மாடிப்படியில அருவி. அம்மா தமிழ்ல திட்ட, அவங்க ஒடியாவுல மன்னிப்புக் கேக்க, அரை மணி நேரம் செம ரகளை. ஒரு மாசம் வாடகை பத்து நாள் லேட். என் சம்பளத்துக்கு ஆபத்து வந்து, தப்பிச்சுது. சண்டை போடற அளவுக்குப் பழகியாச்சுன்னு வெச்சுக்கோங்களேன்.

ஆனா அவங்க வந்த முதல் நாள் ராத்திரி மட்டும் மறக்காது. செகண்ட் ஷிப்ட் முடிச்சு, பழைய ரூமைக் காலி பண்ணிட்டு, பதினொண்ணரை மணிக்குப் பையோட வாசல்ல நிக்கறாங்க. நான் சாவியைத் தேடிட்டிருந்தேன். அம்மா தூக்கக் கலக்கத்துல வெளியே வந்தாங்க. மூணு பேரையும் மேலேயும் கீழேயும் பார்த்தாங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னு அம்மாவுக்குத் தெரியும். விரலைக் குவிச்சு வாய்கிட்டே கொண்டு போய், புருவத்தைத் தூக்கினாங்க.

பையில போட்டுக்கோங்க!

* ஐரோப்பாவுல சின்ன ஹோட்டல்கள்ல ராத்திரி ரிசப்ஷனைப் பூட்டிடுவாங்க. லேட்டா வர்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க. என்னை மாதிரி கொலம்பஸ்கிட்டே போய் நிக்காதீங்க.

* இத்தாலியில தங்கறவங்க விவரத்தை ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள்ள போலீசுக்குத் தெரிவிக்கணும். பாஸ்போர்ட் கேட்டா பதற வேண்டாம். நம்ம நாட்டுலயும் வெளிநாட்டுக்காரங்க தங்கினா அதே 24 மணி நேரக் கணக்குதான்.

* ரூம் வாடகை போக, ராத்திரிக்கு இவ்வளவுன்னு ஊர் வரி தனி. பல இடத்துல ரொக்கமா கேப்பாங்க, சில்லறை வெச்சுக்கோங்க.

* நம்ம மொபைல் சார்ஜரோட ரெண்டு பின் அங்கே பொருந்தும். லேப்டாப்போட மூணு பின் பொருந்தாது. அடாப்டர் அவசியம்.

* ஷெங்கன் விசாவுக்கு, தங்கற இடத்துக்கு அத்தாட்சியும் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேணும்.

* ஒரகடம் பக்கம் ரூம் தேடறவங்களுக்கு: அட்வான்ஸுக்கு ரசீது, கரண்டுக்கு யூனிட் ரேட், தண்ணிக்கு நேரம். இந்த மூணையும் முதல் நாளே கேட்டுடுங்க. மோட்டாரை மறக்காம ஆஃப் பண்ணுங்க!

அப்புறம், முக்கியமான ஒண்ணு. உங்க வீட்டு வாசல்லயும் ஒரு போர்டு தொங்கலாம். நாளைக்கு நீங்களும் புனேவுலயோ டப்ளின்லயோ பையோட நிக்கப் போறவங்கதான். ஒரு தடவை வெளியே வந்து, தெருவுல நின்னு, அந்த போர்டைப் படிச்சுப் பாருங்க.

அடுத்த வாரம் வேற ஜன்னல், வேற ஊர். வர்ட்டா?